பிரித்து வைத்தவர் பொறுப்பு

அஞ்சறைப் பெட்டி இல்லாத சமையலறை நம் நாட்டில் அபூர்வம். கடுகு ஓர் அறையில், சீரகம் ஓர் அறையில், மிளகு ஓர் அறையில் என்று பிரித்து வைத்த பிறகுதான் நம் வீட்டுப் பெண்கள் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். இருட்டில் கையை நீட்டினாலும் வேண்டிய சாமான் விரலில் அகப்படும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்துவிட்டு, "எனக்கு எல்லாம் ஒன்றுதான், நான் பேதம் பார்க்கிறதில்லை" என்று ஒரு அம்மாள் சொன்னால் அவளுடைய சமத்துவ புத்தியை நாம் மெச்சலாம். அவள் வைக்கும் ரசத்தைச் சாப்பிட மாட்டோம்.

ஆகவே, பிரிப்பதே பாவம் என்று போதிக்கிற வேதாந்தத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வேதாந்தியும் இலையில் உட்கார்ந்தால் உப்பு எது, சர்க்கரை எது என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறார். அறிவு செய்யும் முதல் வேலையே இனம் பிரிப்பதுதான்.

ஆனால், கடுகுக்கும் மனிதனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. "நீ இந்த அறையில் இரு" என்று போட்டால் கடுகு பேசாமல் கிடக்கிறது. மனிதன் "ஏன்?" என்று கேட்கிறான். அவன் வாய் திறந்து கேட்காவிட்டாலும், கேட்கும் உரிமை அவனை விட்டுப் போய்விடுவதில்லை. அப்படியானால், மனிதர்களைப் பிரித்து வைக்கிறவர் அவர்களுக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறாரா? பட்டிருந்தால், அது என்ன கடன்?

மிகப் பழைய கேள்வி இது. எனக்கு இது புதிய உருவில் வந்து சேர்ந்தது, சங்கரன்கோவிலில் ஓர் இளைஞன் பார்க்கும் உத்தியோகத்தின் மூலமாக.

பெரியவர்கள் அந்த ஊரைச் 'சங்கரநயினார் கோயில்' என்பார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த ஊர். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் போய்விட்டது. முதல் நாள் இரவு திருநெல்வேலிக்காரர்களாகப் படுத்தவர்கள் மறுநாள் தென்காசிக்காரர்களாக எழுந்தார்கள். வாசலில் நின்ற வேப்பமரம் நின்ற இடத்திலேயே நின்றது; தறிச் சத்தமும் பூக்கடைக் கூச்சலும் அப்படியேதான் இருந்தன. மனு எழுதினால் எந்தக் கலெக்டருக்கு எழுத வேண்டும் என்பது மட்டும் மாறிற்று. பிரிவினைகளில் இது ஒரு சாதுவான ஜாதி. யாருக்கும் தீங்கில்லை, பலருக்குச் சௌகரியம்.

எனக்கு மருமகன் முறை ஆகிற அந்தப் பையன், ஒரு பெரிய ஸ்தாபனத்தின் கம்ப்யூட்டர்களையெல்லாம் சங்கரன்கோவிலில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே மேய்க்கிறான். பல ஊர்களில் அந்த ஸ்தாபனத்துக்குக் காரியாலயங்கள் உண்டு. கம்ப்யூட்டர்களும் லேப்டாப்புகளும் கைபேசிகளும் ஆயிரக் கணக்கில் இருக்கின்றன. அவற்றில் இன்னின்னதற்கு இன்ன புரோகிராம் போக வேண்டும், இன்னாருக்கு இன்ன கதவு திறக்க வேண்டும், இன்ன கதவு திறக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்வது அவன் வேலை. அதற்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் அமெரிக்காவில்தான் செய்கிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனிக்குத் தென்காசி பக்கத்து மத்தளம்பாறையிலே ஒரு காரியாலயம் உண்டு. அந்தக் கம்பெனியின் 'மேனேஜ்என்ஜின்' என்ற பிரிவு இத்தகைய மென்பொருள்களைச் செய்து பல தேசங்களுக்கு விற்று வருகிறது. சரக்கு நம் மண்ணில் விளைவதுதான்.

"இவ்வளவு யந்திரங்களையும் ஒற்றை ஆள் எப்படியப்பா பார்த்துக்கொள்கிறாய்?" என்று கேட்டேன்.

"ஒண்ணொண்ணாப் பாத்தா ஆயுசு பத்தாது, மாமா. குரூப் குரூப்பாப் பிரிச்சு வெச்சிருக்கோம். கணக்குப் பிரிவுக்கு ஒரு குரூப், கடை கவுண்டருக்கு ஒரு குரூப், மானேஜர்களுக்கு ஒரு குரூப். உத்தரவை குரூப்புக்குப் போட்டா அதுல இருக்கிற எல்லாருக்கும் போயிரும், பாத்துக்கிடுங்க" என்றான்.

வாசகர்களுக்கு இதை விளக்க ரேஷன் கடையே போதும். நம் மாநிலத்தில் அரிசி அட்டை உண்டு, சர்க்கரை அட்டை உண்டு, எந்தப் பொருளும் வாங்காத அட்டையும் உண்டு. கடைக்காரர் ஒவ்வொரு குடும்பத்தின் கதையையும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அட்டையின் வகையைப் பார்க்கிறார், எடை போடுகிறார். சர்க்கரை அட்டைக்காரருக்கு அரிசி இல்லை, சர்க்கரை கூடுதல். உத்தரவு வகைக்குப் போடப்பட்டது. பசி மட்டும் ஆளுக்கு ஆள் தனித்தனியாக இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் தர்ம சங்கடமெல்லாம் பிறக்கிறது.

பையன் சொன்னவற்றில் என்னை முதலில் நிறுத்தி வைத்தது ஒரு நுணுக்கம். ஆள்களைத் தனியாகப் பிரிக்கிறார்கள். யந்திரங்களைத் தனியாகப் பிரிக்கிறார்கள். இரண்டும் ஒன்றாகாது. ஒரே ஆளிடம் ஒரு லேப்டாப்பும் ஒரு கைபேசியும் இருக்கும். ஒரே கம்ப்யூட்டரில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், ராத்திரி ஒருவர் உட்காருவார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் கவுண்டரை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் யாரும் பென் டிரைவ் சொருகக் கூடாது என்பது சட்டம். இந்தச் சட்டத்தை அங்கே வேலை பார்க்கிற பெண்ணின் மேல் போடுவதா, அந்த யந்திரத்தின் மேல் போடுவதா?

பெண்ணின் மேல் போட்டால், அவள் வேறு அறைக்குப் போய் வேறு வேலை பார்த்தாலும் தடை நிழல்போலக் கூடவே போகும். யந்திரத்தின் மேல் போட்டால், பெரிய டாக்டரே அங்கு வந்து உட்கார்ந்தாலும் தடை தடைதான். அந்தப் பெண் எழுந்து போன மாத்திரத்தில் அவளை அது விட்டுவிடும்.

"இடத்துக்குள்ள சட்டத்தை இடத்து மேலதான் போடணும், மாமா. ஆளு மேல போட்டா ஆளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்" என்றான் பையன்.

எத்தனை பெரிய விஷயத்தை எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டான்! உலகத்தில் நடந்த அநீதிகளில் பாதி, இடத்தின் மேல் போட வேண்டிய சட்டத்தை ஆளின் மேல் போட்டதால் விளைந்தவை. தொற்று நோய் வந்த வீட்டுக்குக் கொஞ்ச நாள் யாரும் போக வேண்டாம் என்றால் அது நியாயமான எச்சரிக்கை. நோய் தீர்ந்த பிறகும் அந்த வீட்டுக்காரனைக் கண்டு ஒதுங்கினால் அது அநியாயம். எச்சரிக்கை அவனுடைய உடம்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. குழுவில் ஆள் சேர்ப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்று, யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்களை எழுதுவது. எழுதியவர் அழிக்கும் வரை பெயர் இருந்துகொண்டே இருக்கும். மற்றொன்று, ஒரு விதியைச் சொல்லிவிட்டு ஆளை விதியிடம் விட்டுவிடுவது. உதாரணம் சொல்லுகிறேன். விண்டோஸ் 10 என்ற ஏற்பாட்டுக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திற்று. 'இன்னமும் விண்டோஸ் 10 ஓடுகிற யந்திரங்கள்' என்று ஒரு விதிக் குழுவை ஏற்படுத்தினால், அப்படிப்பட்ட யந்திரங்கள் தாமாகவே அதில் வந்து சேரும். அவற்றுக்குத் தனிக் காவல் போடலாம். எந்த யந்திரம் புதிய ஏற்பாட்டுக்கு மாறிற்றோ, அது அடுத்த கணக்கெடுப்பில் தானாகவே அந்தக் குழுவை விட்டு வெளியேறிவிடும். யாரிடமும் மனுப் போட வேண்டாம். யார் காலிலும் விழ வேண்டாம். குறை நீங்கியது, பெயரும் நீங்கியது.

மனிதர்கள் விஷயத்தில் நாம் பெரும்பாலும் முதல் வழியைத்தான் கையாளுகிறோம். எழுதினது எழுதினதுதான். ஊரில் ஒருவனுக்கு இருபது வயதில் 'உருப்படாதவன்' என்று பெயர் விழுந்தால், அறுபது வயதில் அவன் பேரக் குழந்தைக்குப் பெண் பார்க்கப் போகிறபோதும் அந்தப் பெயர் திண்ணையில் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

கம்ப்யூட்டர்காரர்கள் இந்த விஷயங்களை வெகுகாலமாக யோசித்து வந்திருக்கிறார்கள். 1975-ஆம் ஆண்டில் ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள், கம்ப்யூட்டரில் உள்ள செய்திகளைப் பாதுகாப்பது குறித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் சொல்லப்பட்ட நெறிகளுள் ஒன்று, ஒருவருடைய வேலைக்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவே கொடுக்க வேண்டும் என்பது. 1992-இல் டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் என்ற இருவர், அதிகாரத்தை ஆளுக்குக் கொடுக்காமல் அவர் வகிக்கும் பாத்திரத்துக்குக் கொடுக்கும் முறையை வகுத்துக் காட்டினார்கள். நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவனுக்குத்தான் கிரீடம். வேஷம் கலைந்ததும் கிரீடத்தைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

நடைமுறையில் கிரீடம் அவ்வளவு எளிதில் கழல்வதில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவர் கொள்முதல் பிரிவுக்கு மாறுவார். பழைய சாவியும் அவரிடமே இருக்கும். அங்கிருந்து வேறு பிரிவுக்குப் போவார். மூன்று சாவிகள் சேர்ந்துவிடும். பத்து வருஷத்தில் அவரிடம் ஒரு கொத்துச் சாவி தொங்கும். அவர் கேட்கவில்லை, யாரும் வேண்டுமென்று கொடுக்கவில்லை, வாங்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். வேலையை விட்டுப் போனவர்களின் பெயரும் சில இடங்களில் அழியாமல் கிடக்கும். அதனால்தான் ஒழுங்கான ஸ்தாபனங்களில் குறித்த காலத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு குழுவையும் எடுத்து வைத்துக்கொண்டு, "இதில் இன்னார் இன்னும் இருக்கத்தான் வேண்டுமா?" என்று பொறுப்பாளரைக் கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். நம் சமூகத்தில் எந்தக் குழுவுக்காவது இப்படி ஒரு தணிக்கை நடந்ததாக எனக்கு நினைவில்லை.

இங்கே வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். "பிரித்து வைப்பதால்தானே இத்தனை தொல்லை? எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று வைத்துவிட்டால் என்ன?" என்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி உலகம் அதைப் பரீட்சை செய்து பார்த்தது. கம்ப்யூட்டர்களுக்குக் காவல் வைக்கிற கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி, பிழையுள்ள ஒரு சிறிய திருத்தத்தை ஒரே சமயத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு நின்றுபோயின என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொல்லிற்று. விமானங்கள் கிளம்பவில்லை, ஆஸ்பத்திரிகள் திண்டாடின, நம் நாட்டு விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய அனுமதிச் சீட்டைக் கொடுத்துப் பிரயாணிகளை ஏற்றினார்கள். முதலில் ஒரு சிறு கூட்டத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தால் இவ்வளவு பெரிய சேதம் நேர்ந்திராது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அந்தக் கம்பெனியே அவ்விதத் திருத்தங்களையும் படிப்படியாக அனுப்பும் முறைக்கு வந்தது.

இதற்கு நேர் எதிரான பாடம் 2017-இல் கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச்சு மாதம் மைக்ரோசாப்ட் ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. மே மாதம் 'வான்னாக்ரை' என்ற கொள்ளை நோய் அதே ஓட்டை வழியே புகுந்து உலகெங்கும் பரவிற்று. இங்கிலாந்தின் பொது ஆஸ்பத்திரிகள் பல முடங்கின. மருந்து தயாராகி இரண்டு மாதம் ஆகியும் போய்ச் சேராத யந்திரங்களே அடிபட்டன. அவற்றில் பலவற்றை யாரும் கவனித்திருக்கவில்லை.

ஆக, பிரிக்காமல் எல்லோருக்கும் ஒன்றையே கொடுத்தாலும் கெடுதி. எந்தப் பட்டியலிலும் சேராமல் ஒருவரை விட்டுவிட்டாலும் கெடுதி. பிரித்தே ஆக வேண்டும். இங்கேதான் தர்மம் தன் கூர்மையான கேள்வியைக் கேட்கிறது. முதலில் பரீட்சை பார்க்கும் அந்தச் சிறு கூட்டத்தில் யாரைப் போடுவது?

பழைய காலத்து அரசர்கள் தங்கள் உணவை முதலில் வேறொருவனைச் சாப்பிடச் சொல்லுவார்கள் என்று கதைகளில் படித்திருக்கிறோம். விஷமிருந்தால் சாகிறவன் வேலைக்காரன். பல காரியாலயங்களிலும் இந்த ராஜ நீதிதான் ஓசையில்லாமல் நடக்கிறது. எதிர்த்துப் பேசமாட்டாத சின்னச் சிப்பந்திகளின் கம்ப்யூட்டர்களே பரீட்சைக்கு வருகின்றன. மேலதிகாரிகளுடையவை கடைசி வரிசையில் பத்திரமாக இருக்கின்றன. பையனிடம் இதைக் கேட்டேன்.

"எங்க குரூப்புல முதல் பேரு என் லேப்டாப்புதான், மாமா. அடுத்தது எங்க டிபார்ட்மென்டு ஆளுங்க. நாம சமைச்சதை நாமதானே முதல்ல வாயில வெச்சுப் பாக்கணும்?" என்றான்.

இதற்கு மேல் நீதி நூல் வேண்டியதில்லை. பிரிக்கும் அதிகாரம் உள்ளவன், பிரிவினையின் துன்பமான பக்கத்தில் தன் பெயரை முதலில் எழுத வேண்டும்.

இதுவரை பேச்சு யந்திரத்தைப் பற்றியது. ஆளைப் பற்றி வரும்போது விஷயம் கனத்துவிடுகிறது. ஒரு நாள் அவனுக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். இன்ன சிப்பந்தி வேலையை விட்டுப் போகப் போகிறார் என்று தெரிகிறது. அவரைக் 'கண்காணிப்பு' என்ற குழுவில் சேர்த்துவிட வேண்டியது. அதில் சேர்ந்தவர் எந்தக் கோப்பைத் திறந்தாலும், எதை எங்கே அனுப்பினாலும் குறிப்பு எழுதப்படும். அவருக்கு இது தெரியாது. வழக்கம்போல வந்து, வழக்கம்போலக் காப்பி குடித்துவிட்டு, வழக்கம்போல வேலை பார்ப்பார்.

ஸ்தாபனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. போகிறபோது ரகசியங்களை வாரிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. தன் சொத்தைக் காத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஆனால், அந்த மனிதர் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. 'போகிறவர்கள்' என்ற கூட்டத்தைச் சேர்ந்தவராகிவிட்டார். அந்தக் கூட்டத்தில் சிலர் செய்த காரியத்துக்காக இவர் மேல் கண் வைக்கப்படுகிறது.

பையன் என்ன செய்தான்? வேலையை உதறிவிட்டு வீர வசனம் பேசவில்லை. அவனுக்குக் கல்யாணமாகாத தங்கை இருக்கிறாள். வீட்டுக் கடன் இருக்கிறது. மறுபடி ஒரு கடிதம் எழுதினான். எந்தக் காரணத்துக்காகச் சேர்ப்பது, எந்தத் தேதியில் எடுப்பது, பொறுப்பாகக் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று மூன்று கேள்விகளை மட்டும் கேட்டு, பதில் எழுத்தில் வந்தால் உடனே சேர்ப்பதாகச் சொன்னான்.

பதில் வரவில்லை. பெயரும் சேரவில்லை.

இந்தச் சிறு நிகழ்ச்சியை நான் பல நாள் மனத்தில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பதில் ஏன் வரவில்லை? அப்படிக் கேட்டவர்கள் தீயவர்கள் என்று நான் நினைக்கவில்லை. காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றவுடன் அவர்களுக்கே அது அவ்வளவு பெரிய காரணமாகத் தோன்றாமல் போயிருக்கலாம். வாயால் சொல்லும்போது வலுவாக இருக்கிற சந்தேகம், காகிதத்தில் இறங்கும்போது மெலிந்துபோய்விடுகிறது.

இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் மனிதர்களைப் பிரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1871-இல் வெள்ளைக்கார அரசாங்கம் வடக்கே குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 1911-இல் அது மாற்றி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. ஜனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் முதலிய சமூகத்தாரின் கைரேகைகளைப் பதிந்துகொண்டு, இரவு நேரங்களில் குறித்த இடத்தில் வந்து ஆஜராக வேண்டும் என்றார்கள். ஒருவன் திருடினானா இல்லையா என்பது கேள்வியில்லை. எந்தத் தாய் வயிற்றில் பிறந்தான் என்பதே கேள்வி. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த ஜனங்களைப் போலீசார் சுட்டார்கள். பலர் மாண்டார்கள், அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இலும், தேசம் முழுவதிலும் 1952-இலும் ஒழிந்தது.

இந்தச் சட்டத்தைப் பையனுடைய மூன்று கேள்விகளால் உரசிப் பாருங்கள். காரணம் என்ன? பிறப்பு. எப்போது பெயரை எடுப்பது? சமூகத்தின் மேல் விழுந்த முத்திரைக்குத் தேதியே கிடையாது. அது பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும். பொறுப்பு யார்? கண்ணுக்குத் தெரியாத ஒரு சர்க்கார். ஒழுங்காக உழுது பிழைத்தவனுக்கும் அந்தக் குழுவிலிருந்து வெளியே வர நேர் வழி இல்லை. பழைய விண்டோஸ் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டருக்கு இன்று கிடைக்கிற நியாயம், மனிதனாகப் பிறந்த அவனுக்கு அன்று கிடைக்கவில்லை.

அதே சென்னை மாகாணத்தில், அதே காலத்தில், வேறொரு பிரிவினையும் நடந்தது. 1921-இல் நீதிக் கட்சி மந்திரிசபை வகுப்புவாரி உத்தரவைப் போட்டது. சர்க்கார் உத்தியோகங்கள் ஒரு சிலர் கையிலேயே குவிந்து கிடந்தபோது, எந்த எந்த வகுப்பாருக்கு இடமே இல்லை என்று எண்ணிப் பார்த்து, அவர்களுக்குக் கதவைத் திறக்கச் செய்த ஏற்பாடு அது. அதுவும் பிறப்பை வைத்துப் பிரித்ததுதான். ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ரேகைச் சட்டம் அடைத்து வைப்பதற்காகப் பிரித்தது. வகுப்புவாரி உத்தரவு, முன்பே அடைபட்டுக் கிடந்தவர்களைக் கண்டுபிடிப்பதற்காகப் பிரித்தது. எண்ணாமல் விட்டால் அவர்கள் இல்லாதவர்களாகவே போயிருப்பார்கள், 2017-இல் யாரும் கவனியாத அந்த யந்திரங்களைப்போல.

ஆகையினால், "பிரித்தாயா?" என்று கேட்பது போதாது. "எதற்காகப் பிரித்தாய்?" என்று கேட்க வேண்டும். அந்தக் காரணம் இன்னும் உயிரோடிருக்கிறதா என்று வருஷா வருஷம் கேட்க வேண்டும். கதவைத் திறப்பதற்காக ஏற்பட்ட பட்டியலுக்கும் இந்தத் தணிக்கை வேண்டியதே. கதவு உண்மையில் திறந்ததா, திறந்த கதவு வழியாக யார் போனார்கள், யார் இன்னும் வாசலிலேயே நிற்கிறார்கள் என்று பார்த்தால்தான் பட்டியல் தன் வேலையைச் செய்ததாகும்.

சங்கரன்கோவிலில் பிறந்த ஒருவனுக்கு இந்த யோசனை அந்நியமானது அல்ல. அந்த ஊர்க் கோயிலே ஒரு பிரிவினைத் தகராற்றின் ஞாபகமாக நிற்கிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜர்கள். சங்கன் சிவனடியான், பதுமன் திருமாலின் அடியான். யார் பெரியவர் என்று இருவருக்கும் சண்டை. சண்டை அம்பாளிடம் வந்தது. கோமதி அம்மன் புன்னை வனத்தில் தவமிருந்தாள். ஆடி மாதத்தில் இறைவன் ஒரு பாதி சிவனாகவும் ஒரு பாதி திருமாலாகவும் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார். ஆடித் தபசு என்று ஜனங்கள் ஆண்டுதோறும் திரண்டு கொண்டாடுவது அதைத்தான்.

பாம்புகள் இரண்டும் கேட்டது என்ன? "இவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர்?" என்பதுதான். கிடைத்த விடை, இரண்டிலும் இருக்கிறவர் என்பது. கம்ப்யூட்டரிலும் இந்தச் சிக்கல் தினசரி வரும். ஓர் ஆள் இரண்டு குழுக்களில் இருப்பார். ஒன்று 'திற' என்னும், மற்றொன்று 'திறக்காதே' என்னும். விண்டோஸ் கோப்புகளில் வெளிப்படையான தடை இருந்தால் பொதுவாகத் தடையே வெல்லும். பூட்டுக்கு அது நல்ல விதி. மனிதனுக்கு அதையே வைத்துவிட்டால், அவன் சேர்ந்திருக்கிற நல்ல கூட்டங்கள் பத்து இருந்தாலும், சந்தேகத்துக்குரிய ஒரு கூட்டம் அத்தனையையும் விழுங்கிவிடும். ஒரு ஆள் நல்ல தகப்பன், கெட்டிக்காரத் தொழிலாளி, வாக்குத் தவறாதவன். ஆனால் இன்ன தெருக்காரன். அந்தக் கடைசி வரி ஒன்றே வீட்டு வாடகைக்குத் தடையாகிவிடுவதை நாம் பார்க்கவில்லையா?

அந்தத் திருவிழாவில் என் மனத்தைத் தொடுகிற இன்னொரு பகுதி உண்டு. மாலையில் சங்கரநாராயணர் காட்சி முடிந்த பிறகு, இரவில் சங்கரலிங்கராக மறுபடியும் ஒரு காட்சி நடக்கும். இரண்டும் ஒன்று என்று உலகத்துக்குக் காட்டியாயிற்று, சண்டை தீர்ந்தது. ஆனாலும் அம்பாள், தான் அறிந்த தன் நாதனைத் தன் நாதனாகவே பார்க்க விரும்பினாள் என்கிறார்கள். எந்த வகையிலும் அடங்காமல், எந்த வகையின் கூட்டுத்தொகையாகவும் இல்லாமல், அவரை அவராகவே காண ஆசைப்பட்டாள். பிரியமுள்ளவர் எல்லோரும் கடைசியில் கேட்பது அதுதான்.

ஸ்தாபனங்களுக்கு இவ்வளவு பிரியம் வராது. வர வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் மாட்டேன். ஆயிரம் பேரை ஆயிரம் அம்பாள்கள் தவமிருந்து பார்க்க முடியாது. சர்க்காரும் கம்பெனியும் குழு குழுவாகத்தான் நம்மைப் பார்க்கும். ஆனால், அம்பாளின் பிரியத்துக்குப் பதிலாக அவர்கள் கொடுக்கக் கூடியது ஒன்று உண்டு. அதுதான் பதில் சொல்லும் கடமை. ஒருவரை ஒரு வகையில் சேர்த்தால் அதை அவரிடம் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் காரணம் காட்ட வேண்டும். எதுவரை என்று கேட்டால் தேதி சொல்ல வேண்டும். தவறு என்று அவர் மறுத்தால் கேட்பதற்கு ஒரு மனிதர் இருக்க வேண்டும். நான் முதலில் கேட்ட கேள்விக்கு, பிரித்து வைத்தவர் பட்டிருக்கும் கடன் இவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம். பெரிய கடன் அல்ல. ஒரு காகிதம், ஒரு தேதி, ஒரு கையெழுத்து.

நாம் ஒவ்வொருவரும் இன்று எத்தனையோ பட்டியல்களில் இருக்கிறோம். பாங்கியின் பட்டியல், இன்ஷ்யூரன்ஸ் பட்டியல், கைபேசிக் கம்பெனியின் பட்டியல். அவற்றில் நமக்கு இட்டிருக்கும் பெயர் என்ன என்று நமக்குத் தெரியாது. அதைக் கேட்பது நம் உரிமை. ஆனால் அதற்கு முன்னால், நம் மனத்துக்குள்ளே நாமும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோமே, அதைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம். எதிர் வீட்டுக்காரரை எந்த அறையில் போட்டு வைத்திருக்கிறோம்? எந்த வருஷம் போட்டோம்? எந்தக் காரணத்துக்காக? அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? பதில் எழுத வராத பெயர்களை அடித்துவிடுவதற்கு யாருடைய உத்தரவும் நமக்குத் தேவையில்லை.